தெற்கே தலை வைத்த செயின்

அந்த வருடங்களில் எனக்கு வாஸ்து பிடித்திருந்தது. பேய் பிடிக்கும் என்பார்களே, அந்த மாதிரி. கடம்பத்தூரில் எங்கள் வீட்டு அடுப்பை மூன்று முறை இடம் மாற்றினேன். தெருவைப் பார்த்த வாசலை அடைத்துவிட்டுப் பக்கத்துச் சந்தில் வாசல் வைத்தேன். தபால்காரர் இரண்டு வாரம் வீட்டைத் தேடினார். கட்டிலைத் திருப்பிப் போட்டதில் மின்விசிறிக் காற்று முழுக்க என் மனைவியின் காலுக்குப் போனது. அவள் ஒன்றும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தாள். வாஸ்து வேலை செய்கிறது, வீட்டில் சண்டை குறைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிழைப்புக்கு என்னிடம் ஒரு பழைய டோசர் இருந்தது. எங்கள் பக்கம் அதற்குச் செயின் வண்டி என்று பேர். சக்கரம் கிடையாது. இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக இரும்பு கோத்த செயின், முன்னால் மண் தள்ளும் பிளேடு, நடுவில் நான். ரெண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒன்று கம்பெனிக்கு நிலம் சமன் செய்தார்கள், இல்லையென்றால் மனை போட்டார்கள். வண்டிக்கு ஓய்வே இல்லை. ஓய்வில்லாத இரும்பு தேயத்தானே செய்யும்? இடது பக்கச் செயின் தேய்ந்தது. கண்ணிகளைக் கோக்கிற பின்னும், அந்தப் பின் நுழைகிற புஷ்ஷும் தேய்ந்து, கண்ணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு, மொத்தச் செயினும் நீண்டு தொங்கியது. வண்டியைத் திருப்பினால் கழன்று கீழே படுத்துக்கொள்ளும். நான் இறங்கி, கடப்பாரை போட்டு நெம்பி, திட்டி, மறுபடியும் ஏற்றுவேன். ஒரு நாளில் நான்கு முறை ஏற்றிய நாளும் உண்டு.

சாதாரணமாக இதை ஒரு போனில் முடித்திருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக்தான் என் வண்டியைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். ஆனால் இரண்டு மாதம் முன்பு அவர் கொட்டகைக்குப் போனபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. கொட்டகையின் வாசல் நிருதி மூலையில் இருக்கிறது, தென்மேற்கில் வாசல் வைத்தவன் உருப்பட்டதில்லை, உங்களுக்கு வருகிற மூட்டு வலிக்குக்கூட அதுதான் காரணம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அங்கே இரண்டு புது வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மெதுவாக எழுந்து போய்விட்டார்கள். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்போது செயின் விஷயமாகப் போன் செய்தேன். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேணா. நல்ல மூலையா பாத்து நீங்களே மாட்டிக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வேறு மெக்கானிக் பார்க்கலாம் என்றால், அந்த வட்டாரத்தில் செயின் வேலை தெரிந்தவர்கள் எல்லாருமே அவரிடம் தொழில் படித்தவர்கள் அல்லது அவருக்கு மச்சான் முறை. எல்லாருமே வர மறுத்தார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நானே மாட்டுகிறேன், பெரிய வித்தையா அது என்று வீட்டில் வந்து கத்தினேன்.

கத்தியது வேறு நேரமாக இருந்தால் பரவாயில்லை. அந்த வாரத்தில் என் மனைவிக்கு வண்டி கட்டாயம் தேவைப்பட்டது.

அவளுக்கு அவள் அப்பா வழியில் ஒரு ஏக்கர் வந்திருந்தது. ஏக்கர் என்று பேர்தான். செங்கல் சூளைக்காரர்கள் பாதி நிலத்தில் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனதில் ஒரு பக்கம் இடுப்பளவு பள்ளம், மறுபக்கம் மேடு. அங்கே இனிமேல் நண்டுதான் வளரும் என்று ஊரில் சொன்னார்கள். மனையாகப் போட்டு விற்கலாம், வடகிழக்கு தாழ்வாக இருப்பது ரொம்ப விசேஷம் என்று நான் சொன்னேன். அவள் இரண்டு பேச்சையும் காதில் வாங்கவில்லை. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமன் செய்து, நெல் நட வேண்டும். மூன்று வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மூன்று வருடமாக ஊரார் நிலத்தையெல்லாம் சமன் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவள் என்னைக் கேட்காமலே காரியத்தில் இறங்கிவிட்டாள். பக்கத்து நிலத்துக்காரர் நாற்றங்காலில் இடம் கேட்டு நாற்று விட்டாள். ஏரித் தண்ணீர் முறையில் ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நிலத்துக்கு என்று பேசி வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கட்டவில்லை என்றால் அடுத்த முறை வருவதற்குள் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் வைக்கோல்கூடத் தேறாது. இதையெல்லாம் அந்த வாரத் திங்கட்கிழமை சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"சனிக்கெழம ராத்திரிக்குள்ள நெலம் ரெடியா இருக்கணும். இந்தத் தபா வுட்டா நான் அந்த நெலத்து பக்கமே போவ மாட்டேன். நீங்க மனையே போட்டுக்குங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். எனக்கு அது பயமாக இருந்தது.

செயினுக்கு வழி சொன்னது என் மச்சான், அவள் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் ராத்திரி ஷிப்டு பார்த்தான். ஆறடி உயரம், நல்ல பலம், ஒரே குறை தூக்கம். நின்றால் தூங்குவான், உட்கார்ந்தால் குறட்டை விடுவான். அவன் ஆலைக்கு உருக்க வந்த பழைய இரும்பில் எங்கள் வண்டி மாதிரியே ஒன்று கிடந்ததாம். வண்டி வீணாய்ப் போயிருந்தாலும் செயின் அதிகம் ஓடாதது. ஆலையில் கேட்டு இடது பக்கச் செயினை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். செவ்வாய்க்கிழமை லாரி நேராக நிலத்துக்கே வந்தது. வண்டியும் அங்கேதான் வடக்கு பார்த்து நின்றது. லாரி டிரைவர் செயினின் ஒரு முனையைக் கம்பி போட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டு லாரியை முன்னால் நகர்த்தினார். செயின் தடதடவென்று இறங்கி, வண்டிக்கு முன்னால் நேர்கோடாகப் படுத்துக்கொண்டது. இந்த மனிதருக்கு வேலை தெரிகிறது என்று நினைத்தேன். எவ்வளவு தெரிந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

புதன்கிழமை பழைய செயினைக் கழற்றும் வேலை. செயின் முழுக்க ஒரே மாதிரி பின்கள். அதில் ஒன்றே ஒன்று மட்டும் கழற்றுவதற்கென்று செய்தது. அதற்கு மாஸ்டர் பின் என்று பேர். அதைத் தட்டி வெளியே எடுத்தால் செயின் பிரிந்துவிடும். மெக்கானிக் செய்வதைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு பின்னைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் இரும்புத் துண்டை வைத்து மச்சானைப் பிடிக்கச் சொல்லி, இருபது பவுண்டு சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் அடித்தேன். பின் அசையவில்லை. பிறகு மச்சான் அடித்தான், நான் பிடித்தேன். அவன் அடிக்கு அடி கண்ணை மூடித் திறந்தான். எந்த அடியில் கண் திறக்காமல் போகுமோ என்று நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். கூடைக்குள் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. நான் எட்டாவது. அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். முந்தின ராத்திரி தன் பழைய பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு செயின் பக்கங்களை மட்டும் படித்திருக்கிறாள். கூடையை வைத்துவிட்டு, காய் நறுக்கும் கத்தியால் செயினில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனாள். நாங்கள் அடித்த பின்னிலிருந்து ஆறாவது பின்னில் நின்றாள்.

"நுனியில சின்னக் குழி இருந்தா அதான் மாஸ்டர் பின்னு. இதுல கீது. அதுல இல்ல."

பார்த்தேன். இருந்தது. அதையும் கழற்றத்தான் அரை மணி நேரம் ஆனது, ஆனால் கழன்றது.

அதைக் கழற்றுவதற்கு முன்னால் செயினைத் தளர்த்த வேண்டியிருந்தது. செயினை இறுக்கமாக வைத்திருப்பது ஓர் உருளைக்குள் அடைத்த கிரீஸ். அதன் வால்வை மெதுவாகத் திறந்தால் கிரீஸ் வெளியேறும், செயின் தொய்யும். "ஒரு சுத்துக்கு மேல தெறக்காதீங்கன்னு போட்டிருக்கு" என்று அவள் படித்தாள். ஒரு சுற்று திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அடைத்துக்கொண்டிருக்கிறது என்று இன்னும் இரண்டு சுற்று திறந்தேன். வந்தது. என் பனியன், மீசை, இடது காது எல்லாவற்றிலும் வந்தது. கண்ணில் படாதது என் அதிர்ஷ்டம். மச்சான் சிரித்த சிரிப்பில் அவனுக்கு அன்றைக்குத் தூக்கமே போய்விட்டது. அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தில் கிரீஸ் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. பிளேடைத் தரையில் ஊன்றி, பின்னால் ஜாக்கி வைத்து, வண்டியின் இடது பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். பக்கத்து நிலத்துக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து பழைய செயினை உருவிப் போட்டார். இனி புதுச் செயினை அப்படியே பின்னால் இழுத்து வண்டிக்குக் கீழே விட வேண்டும், மேலே சுற்றி முனையையும் முனையையும் சேர்த்துப் பின்னை அடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து என் கண்ணில் அது பட்டது.

செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகி உருண்டையாக இருக்கும். உருண்டையான பக்கம்தான் தலை என்று யாருக்குமே தோன்றும். எனக்குத் தோன்றியது. அந்தத் தலை வடக்கே இருந்தது. அவ்வளவு பெரிய செயின், வடக்கே தலையும் தெற்கே காலுமாக நீட்டிப் படுத்திருந்தது. நம் ஊரில் யாரை அப்படிப் படுக்க வைப்போம்? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு நாளாக ஒரு வேலையும் ஒழுங்காக நடக்காததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"இத திருப்பிப் போடணும்" என்றேன்.

"இன்னாத்துக்கு மாமா" என்றான் மச்சான்.

"வடக்க தல வெச்சிக்கினு கீது. இப்படியே வண்டில ஏத்தினா ஆள முழுங்கிடும்."

செயின் வண்டியின் செயின் பக்கவாட்டில் வளையாது. திருப்ப வேண்டுமென்றால் முழுச் செயினையும் ஒரே கட்டையாகச் சுற்ற வேண்டும். டிராக்டரைக் கட்டி ஒரு முனையை இழுத்தோம், மறு முனை எதிர்ப் பக்கம் ஓடியது. அதை இழுத்தால் இது ஓடியது. நிலத்தில் பாதி உழுதாகிவிட்டது. டிராக்டர்காரர் எனக்காக இல்லை, என் மனைவி முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்து, தெற்கே தலை வைத்து, ஒரு நல்ல குடும்பஸ்தன் போலச் செயின் படுத்தது.

என் மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புத்தகம், ஒரு பக்கத்துக்குள் விரல். நாங்கள் திருப்ப ஆரம்பித்தபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் நாற்றங்கால் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டு சமைக்கப் போய்விட்டாள். கடைசியில் இவளும் வாஸ்துவை ஒப்புக்கொண்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் செயினை மாட்டிவிட்டோம். மாஸ்டர் பின் நான்கே அடியில் உள்ளே போனது. பாத்தியாடா, திசை சரியாக இருந்தால் இரும்புகூடப் பேச்சு கேட்கும் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் பிளேடில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கிரீஸ் அடித்துச் செயினை இறுக்கி, வண்டியைக் கிளப்பி, இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம் போட்டேன். செயின் கழலவில்லை. நான் படிக்காதவன், என் கையால் மாட்டிய செயின். அந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளியும் சனியும் விடாமல் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். இடது பக்கம் கொஞ்சம் கரகரவென்று சத்தம் வந்தது. புதுச் செயின், பழகட்டும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நிலம் தாம்பாளமாக ஆகிவிட்டது. அவள் நிலத்தின் நான்கு பக்கமும் நடந்து பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதி.

அந்த நேரத்தில் மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினார். நான் தனியாகச் செயின் மாட்டிய செய்தி கும்மிடிப்பூண்டி வரைக்கும் போயிருந்தது. போக வைத்தது நான்தான். மனிதர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்து வலது பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடியும் இடது பக்கம் வந்தார். மூட்டு வலிக்காரர் இத்தனை முறை உட்கார்ந்து எழுந்து நான் பார்த்ததில்லை.

"ணா, வலது கால் செருப்பு நேரா கீது" என்றார். "எடது கால் செருப்பு பின்னாடி பாத்துக்கினு கீது."

எனக்குப் புரியவில்லை. ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். வலது செயினில் கண்ணியின் தலை ஒரு பக்கம் பார்த்தது, இடது செயினில் எதிர்ப் பக்கம் பார்த்தது. செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்றார். வண்டி ஓடும், ஆனால் பின்னும் புஷ்ஷும் கன்னாபின்னாவென்று தேயும், ரெண்டு வருஷம் தாங்கினால் பெரிது என்றார்.

நான் உடனே லாரி டிரைவரைத் திட்டினேன். அவன்தான் தலைகீழாக இறக்கிவிட்டுப் போனான் என்றேன். செயின் அனுப்பிய ஆலையைத் திட்டினேன். மச்சானைத் திட்டினேன். அவன் மூன்று நாளில் முதல் முறையாக முழுசாகக் கண்ணைத் திறந்தான்.

"லாரிக்காரரு சரியாத்தான் போட்டாரு மாமா. நீங்கதான் வடக்க தல வெக்கக் கூடாதுன்னு திருப்பச் சொன்னீங்க."

மெக்கானிக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிளேடைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்துவார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் ஆரம்பிப்பார். இரண்டு மாதக் கோபமும் அந்தச் சிரிப்பில் கரைந்து போனது என்பது மட்டும் தெரிந்தது. எனக்குத்தான் அங்கேயே பள்ளம் தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளத்தையும் நானே மூடியிருந்தேன்.

"செயினுக்கு ஏதுங்க தல" என்றாள் என் மனைவி. கீழே கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஓடும்போது ஒரு சுத்துல வடக்கயும் வெக்குது, தெக்கயும் வெக்குது. மேலயும் கீழயும்கூட வெக்குது."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழமையே தெரியும். புக்குல படம் போட்டு அம்புக்குறி போட்டிருந்துச்சி."

"அப்பவே இன்னாத்துக்குச் சொல்லல? இப்ப வந்து சொல்ற?" என்று கத்தினேன். மெக்கானிக் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"செயினு தேய ரெண்டு வருஷம் ஆவும். ஒங்களாண்ட வாஸ்து பேசினா ரெண்டு நாளு ஆவும். எனக்கு ரெண்டு நாளு இல்லிங்க."

மச்சான்கூடத் தூங்காமல் நின்றான். எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது, சந்து வாசல் ஞாபகம் வந்தது. சண்டை குறைந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது ஏன் குறைந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னிடம் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், பேசாமல் விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று அவள் ஒவ்வொரு முறையும் மனதில் எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் விட்டுவிடுவதே லாபம் என்று முடிவு செய்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை மாதிரிகூட ஒன்று வந்தது, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வந்தது. மடையைத் திறந்ததும் ஒரு பக்கமாக ஓடாமல், நிலம் முழுக்க ஒரே அளவில் பரவி நின்றது. திங்கட்கிழமை சேறு ஓட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை நடவுக்குப் பெண்கள் வந்து வரப்பில் நின்றார்கள். முதல் நாற்றை ஈசானி மூலையில், வடகிழக்கில்தான் ஊன்ற வேண்டும். என் நாக்கு துடித்தது. வாயைத் திறந்தேன். யோசித்தேன். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வேறு எதையும் மூடியதில்லை.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பிடி நாற்றோடு சேற்றில் இறங்கினாள். பெண்கள் நின்ற இடத்திலேயே ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை. நிலத்தைக் குறுக்கே கடந்து நேராக வடகிழக்கு மூலைக்குப் போய், குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நட்டுட்டேன். ஒண்ணும் சொல்ல வோணாம். போயி ஊட்ல படுங்க" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். அவள் அங்கே போய் நட்டது என் மேல் இருந்த பிரியத்தாலா, இல்லை அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கவா என்று கேட்க ஆசைதான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்பதால் இன்றுவரை கேட்கவில்லை.